வீடு கட்டுகிறவர் பிள்ளை வீடு வரையக் கூடாதா?

(மந்தாரக்குப்பத்தில் நடந்த பொதுக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளை என்ன படிக்க வைப்பது என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாப் படிப்பையும் பற்றி ஒரு மணி நேரத்தில் பேசினால் ஒன்றும் மனதில் நில்லாது. ஆகவே நம்மவர்கள் கவனியாமல் விட்டுவிட்ட ஒரே ஒரு படிப்பைப் பற்றி மாத்திரம் பேசுவதென்று வந்திருக்கிறோம். அது கட்டடக் கலைப் படிப்பு. அதாவது ஒரு வீடோ, பள்ளிக்கூடமோ, ஆஸ்பத்திரியோ எப்படி இருந்தால் அதில் வாழ்கிறவர்களுக்குச் சுகம் என்று யோசித்து, அளந்து, வரைந்து கொடுக்கும் வேலைக்கு உண்டான படிப்பு.

இதை ஏன் எடுத்துக் கொண்டோமென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன தடவை இவ்வூருக்கு வந்திருந்தபோது, கடைத்தெருவில் ஒரு பெண் எங்களிடம் வந்தாள். பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண். "அய்யா, எங்கப்பா கொத்தனார், எங்கம்மா சித்தாள் வேலைக்குப் போறாங்க. அவங்க கட்டற வீட்டுக்கு பிளான் போடறவங்க என்ன படிச்சிருக்காங்க?" என்று கேட்டாள். நாம் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைங்க படிக்கிறதும்மா, உனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். பெரியவர் பேரில் நமக்குக் கோபம் வந்தது வாஸ்தவம். ஆனால் அதைவிட நம் பேரிலேயே அதிக வெட்கம் வந்தது. ஏனெனில் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் அன்று நமக்கும் தெரியாது. ஊர் ஊராகப் போய்ச் சமத்துவம் பேசுகிறோம். ஒரு சித்தாள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்தப் பதிலோடுதான் இன்று வந்திருக்கிறோம்.

கல் சுமப்பது ஒருவர், கணக்குப் போடுவது ஒருவரா?

தோழர்களே! உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நெய்வேலி நகரியம் இருக்கிறது. வட்டம் வட்டமாகப் பிரித்து, நேர் நேராகத் தெருப் போட்டு, மரம் வைத்து, பள்ளிக்கூடம் எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, கடை எங்கே என்று முன்கூட்டியே காகிதத்தில் வரைந்து வைத்துக் கட்டிய ஊர் அது. அந்தக் கோட்டை வரைந்தவர்களை உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாது. ஆனால் அந்தச் செங்கல்லைச் சுமந்தவர்கள் யாரென்று கேட்டால் நூறு கை எழும்பும். சுரங்கத்துக்காக நிலத்தையும் வீட்டையும் விட்டுக் கொடுத்தவர்கள் யாரென்று கேட்டாலும் எழும்பும்.

இது இன்று நேற்று வந்த ஏற்பாடல்ல. ஒரு கட்டடம் எப்படி இருக்க வேண்டுமென்று தீர்மானிக்கிற அறிவு இந்நாட்டில் பிறப்போடு கட்டிப் போடப்பட்டிருந்தது. சுமார் 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதியதாகச் சொல்லப்படும் பிருகத் சம்ஹிதையில் வீடு கட்டுவதைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அதில் மண்ணின் நிறத்துக்குக்கூட வருணம் பிரித்திருக்கிறார்கள். வெள்ளை மண் பிராமணனுக்கு, சிவப்பு மண் க்ஷத்திரியனுக்கு, மஞ்சள் மண் வைசியனுக்கு, கறுப்பு மண் சூத்திரனுக்கு என்பது அந்த ஏற்பாடு. வீட்டின் அகலமும் வருணத்துக்கு வருணம் குறைந்து கொண்டே போகிறது. அந்தப்படி பார்த்தால் இந்தச் செம்மண் பூமியில் நம்மில் அநேகம் பேர் குடியிருக்கவே பாத்தியதை இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு கரிசல் காட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். இவ்வளவு நிறம் பார்த்த சாஸ்திரக்காரர் எவருக்கும் இந்த மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி கிடப்பது தெரியவில்லை. பூமியைத் துளைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நிற்க, கல்லும் மரமும் வேலை செய்கிறவர்களிடத்தில் அறிவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களிடத்தில் இருந்த அறிவு அப்பனிடமிருந்து மகனுக்கு என்று குடும்பத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. மகளுக்குப் போகவே இல்லை. வெளியார் கேட்டாலும் கிடைக்கவில்லை. அந்த அறிவைப் புத்தகத்திலேற்றி, பரீட்சை வைத்து, பட்டம் கொடுத்து, யார் வந்தாலும் கற்றுக்கொள்ளலாமென்று ஆக்கியது பள்ளிக்கூடமும் கல்லூரியுந்தான்.

1957இல் நடந்த மூன்று சங்கதிகள்

பம்பாயில் ஜே.ஜே. கலைப் பள்ளியில் 1913இலேயே கட்டடக் கலைக்கு முறையான பாடம் தொடங்கியது. அங்கே படித்து 1936இல் டிப்ளமா பெற்ற பெரின் மிஸ்திரி என்னும் அம்மையாரை இந்தியாவின் முதல் பெண் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லுகிறார்கள். பெண்ணுக்கு இது ஆகாது என்கிறவர்களுக்கு இந்த ஒரு பெயரே போதும்.

நம் நாட்டில் அது வர 1957 ஆயிற்று. அந்த ஒரே ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. மே மாதத்தில் நெய்வேலியில் சுரங்க வேலை தொடங்கப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில், கிண்டி அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில், கட்டடக் கலைத் துறை தொடங்கப்பட்டது. அதுவே இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி. மாமல்லபுரத்தில் சிற்பமும் கோயில் கட்டடமும் கற்பிக்க சர்க்கார் ஒரு பள்ளி தொடங்கியது. அது இன்று கல்லூரியாக இருக்கிறது. ஆக, நெய்வேலியில் நம்மவர்கள் மண் வெட்டவும் கல் சுமக்கவும் ஆரம்பித்த அதே ஆண்டில், சென்னையில் வரைகிறதற்குக் கதவு திறந்தது. கல் சுமக்கப் போனவர்கள் போனார்கள். திறந்த கதவுக்குள் நம்மில் எத்தனை பேர் போனார்கள் என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்லுகிறது?

1972இல் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சில் என்னும் சபை ஏற்பட்டது. அந்தச் சபை ஒப்புக்கொண்ட பட்டத்தைப் பெற்று, அதனிடத்தில் பெயரைப் பதிவு செய்து கொண்டவரே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றவர் அந்தப் பெயரைப் போட்டுக் கொள்ளக் கூடாது. 2020இல் சுப்ரீம் கோர்ட்டு இதை விளக்கி, சட்டம் காப்பது அந்தப் பெயரைத்தானே ஒழிய, கட்டடம் வரைகிற வேலையையே மற்றவர் செய்யக் கூடாதென்று தடுக்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆகையால் நம் ஊர் மேஸ்திரி ஒரு வீட்டுக்குப் படம் போட்டுக் கொடுத்தால் அது குற்றமென்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெயரும், அதற்குண்டான உத்தியோகமும் மதிப்பும் வேண்டுமென்றால் பட்டம் வேண்டும்.

இந்தச் சட்டத்தில் முக்கியமான சங்கதி என்னவென்றால், அதில் எந்த ஜாதி என்றோ, அப்பன் யார் என்றோ, ஆணா பெண்ணா என்றோ ஒரு வார்த்தைகூடக் கிடையாது. படித்தாயா, பதிவு செய்தாயா என்கிற கேள்விதான் இருக்கிறது.

போகும் வழி

அந்தப் பட்டத்துக்குப் பெயர் பி.ஆர்க். ஐந்து ஆண்டுப் படிப்பு. நடுவில் ஒரு பருவமாவது வேலை நடக்கும் ஆபீசில் பயிற்சி பெற வேண்டும். கடைசியில் ஒரு பெரிய கட்டடத்தைத் தாமே முழுதும் திட்டமிட்டுக் காட்ட வேண்டும்.

இதற்கு முதல் வாசற்படி கல்லூரியில் இல்லை. பத்தாம் வகுப்பு முடிந்த அன்றைக்கே இருக்கிறது. பதினோராம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவை எடுக்க வேண்டும். வேதியியலும் சேர்ந்திருந்தால் எல்லா வழியும் திறந்திருக்கும். கணிதம் இல்லாத பிரிவை எடுத்துவிட்டால், பிள்ளை எவ்வளவு அழகாக வரைந்தாலும் கதவு மூடிக்கொள்ளும். "கணக்கு கஷ்டம், வேறு குரூப் எடுத்துக்கொள்" என்று ஒருவர் சொல்லுகிற ஒரு வார்த்தையில் ஐந்து ஆண்டுப் படிப்பும் ஒரு வாழ்நாள் வேலையும் போய்விடுகிறது. இதைப் பெற்றோர் மனதில் வைக்க வேண்டும்.

இரண்டாவது படி, நுழைவுப் பரீட்சை. ஆர்க்கிடெக்சர் கவுன்சில் நடத்துகிற நாட்டா என்னும் பரீட்சை அது. 2006 முதல் நடக்கிறது. 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் அது 200 மதிப்பெண்ணுக்கு நடந்தது. அதில் 80 மதிப்பெண் கையால் வரைகிறதற்கு. 120 மதிப்பெண் கம்ப்யூட்டரில் பதில் சொல்லுகிறதற்கு. ஒரே ஆண்டில் ஒரு தடவைக்கு மேல் எழுதவும் இடம் இருந்தது. ஆகையால் முதல் தடவை குறைந்துவிட்டதென்று அழ வேண்டியதில்லை.

மூன்றாவது படி, கலந்தாய்வு. தமிழ்நாட்டில் பி.ஆர்க். கலந்தாய்வில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை 200க்குக் குறைத்து, நாட்டா 200ஐயும் கூட்டி, 400க்கு வரிசை போடுகிறார்கள். இதன் அர்த்தம் என்ன? பாதி பலம் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பிலேயே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டிப் பயிற்சி வகுப்புக்குப் போகிறவன்தான் ஜெயிப்பான் என்பது முழு உண்மையல்ல. நம் நாட்டு 69 சதவிகித இட ஒதுக்கீடும் இதற்கு உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி. போன்ற மத்திய சர்க்கார் கல்லூரிகளில் சேர ஜே.இ.இ. மெயின் பரீட்சையில் கட்டடக் கலைக்கென்று உள்ள தனித் தாளை எழுத வேண்டும். அதில் கணிதம், பொது நோக்கு, வரைதல் என்று மூன்று பகுதி. அந்தப் பரீட்சையை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். கரக்பூர், ரூர்க்கி ஐ.ஐ.டி.களுக்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறி, வரைதல் திறமைக்குத் தனிப் பரீட்சையும் எழுத வேண்டும்.

மதிப்பெண் அளவும் தேதியும் ஆண்டுக்காண்டு மாறக்கூடியவை. ஆதலால் அவைகளை நாம் சொன்னோமென்று நம்பாதீர்கள். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக் கொள்ளுங்கள். யார் சொன்னாலும் விசாரித்து ஒப்புக் கொள்ளுங்கள் என்பதற்கு நாமும் விலக்கல்ல.

ஒன்றென்று நினைத்து மற்றொன்றில் விழ வேண்டாம்

பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஏமாறுகிறவர்கள் அநேகர். சிவில் இஞ்சினீயரிங் என்பது நான்கு ஆண்டுப் படிப்பு. அது கட்டடம் விழாமல் நிற்பதற்கு உண்டான பலத்தையும் கணக்கையும் சொல்லுவது. ரோடு, பாலம், அணை எல்லாம் அதில் அடங்கும். நல்ல படிப்புத்தான்; ஆனால் அதைப் படித்தவர் ஆர்க்கிடெக்ட் ஆகமாட்டார். பி.பிளான் என்பது ஊர்களைத் திட்டமிடுகிற படிப்பு. அதுவும் நான்கு ஆண்டு. வீட்டின் உள் அலங்காரத்துக்கு வேறு பட்டம். மாமல்லபுரத்துப் படிப்பு கோயில் முறைக் கட்டடமும் சிற்பமும் பற்றியது. அது ஒரு தனி வழி.

பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமா படித்த பிள்ளைகள், அதில் கணிதம் இருந்தால், பி.ஆர்க்.குக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் இஞ்சினீயரிங்கைப் போல நேரே இரண்டாம் ஆண்டில் நுழைய முடியாது. முதலாண்டிலிருந்தே படிக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு வருஷத்தை மிச்சம் பிடிக்கலாமென்று கணக்குப் போடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேரப் போகும் கல்லூரியைக் கவுன்சில் ஒப்புக்கொண்டிருக்கிறதா என்று பணம் கட்டுகிறதற்கு முன் பாருங்கள். கட்டடத்தின் பளபளப்பையும் விளம்பரத்தையும் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, ஐந்து ஆண்டு கழித்துப் பெயரைப் பதிய முடியாமல் நின்றால் யார் பொறுப்பாளி?

பணத்துக்கு என்ன செய்வது?

பொய் சொல்லி உங்களைச் சேர்க்க நமக்கு இஷ்டமில்லை. இது செலவு பிடிக்கிற படிப்பு. வரைகிற தாள், மாதிரி செய்ய அட்டை, கம்ப்யூட்டர், ஊர் ஊராகப் போய்க் கட்டடம் பார்க்கிற செலவு என்று ஐந்து ஆண்டும் கைக்காசு போகும். பட்டம் வாங்கியதும் முதல் நாளே கைநிறையச் சம்பளம் என்றும் சொல்ல மாட்டோம். ஆரம்ப ஆண்டுகளில் கொஞ்சமாகத்தான் வரும்.

ஆனால் உதவியும் இருக்கிறது. குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்குக் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்க 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதே மாதிரி சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் கொடுக்கிறார்கள். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்புப் பிள்ளைகளுக்குத் தனி உதவித் தொகை இருக்கிறது. இவை யாருடைய பிச்சையுமல்ல. நாம் கொடுக்கிற வரியிலிருந்து நமக்கு வருகிற பங்கு. கேட்டு வாங்க வெட்கப்படக் கூடாது.

வாஸ்துவும் காற்றும்

சரி, இவ்வளவும் செய்து படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள்.

2011 டிசம்பர் 30ந் தேதி தானே புயல் இந்தக் கடலூர் ஜில்லாவில் என்ன செய்தது என்பதை நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பலாவும் முந்திரியும் போயின, குடிசைகள் பறந்தன. அன்றைக்கு எந்த வீடு நின்றது? ஈசானிய மூலையில் கிணறு வெட்டிய வீடா? வாசற்படியின் எண்ணிக்கை ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்த வீடா? கூரையைச் சுவரோடும் சுவரை அஸ்திவாரத்தோடும் சரியாகப் பிணைத்த வீடு நின்றது. பிணைக்காத வீடு போயிற்று. புயலுக்கு மனையடி சாஸ்திரம் தெரியாது.

கட்டடக் கலை படிக்கிற பிள்ளை முதலில் கற்றுக் கொள்ளுவது சூரியன் எந்தப் பக்கம் சுடுகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மழைத் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்பதைத்தான். மேற்குச் சுவரில் நிழல் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. சமையலறைப் புகை படுக்கைக்கு வரக் கூடாதென்பதற்கும் காரணம் உண்டு. காரணத்தைக் கேட்கலாம், சோதித்துப் பார்க்கலாம், தப்பென்றால் மாற்றலாம். வாஸ்துவில் காரணம் கேட்டால், கேட்டவன் குடும்பத்துக்கு ஆகாது என்பதுதான் பதில். நம் ஏழை மனிதர் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் வாசற்படியை இடித்து இடம் மாற்றுகிற செலவு யார் தலையில் விழுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்திலே படித்துவிட்டு வந்து கேரளத்தில் வேலை செய்தவர் லாரி பேக்கர். செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் கட்டினால், சுமார் கால் பங்கு செங்கல் மிச்சமாகும், வீடும் குளிர்ச்சியாயிருக்கும் என்று ஏழைகளுக்கு வீடு கட்டிக் காட்டினார். பி.வி. தோஷி என்பவர் மரச்சாமான் செய்கிற குடும்பத்தில் பிறந்தவர். அவர் இந்தூரில் ஏழைகளுக்காக அரண்யா என்னும் குடியிருப்பை வகுத்தார். கட்டடக் கலைக்கு உலகத்திலே பெரிய பரிசென்று சொல்லப்படும் பிரிட்ஸ்கர் பரிசு 2018இல் அவருக்குக் கிடைத்தது. இந்தியர்களில் முதன் முதலாக அவருக்குத்தான்.

தோழர்களே! ஏழைக்கு வீடு வரைந்தால் கௌரவம் குறையாது என்பதற்கு இதைச் சொன்னோம். ஆனால் நம்முடைய ஆசை அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஏழை வீட்டில் எங்கே வெயில் அடிக்கும், எங்கே ஒழுகும், எட்டுக்குப் பத்து அறையில் ஐந்து பேர் எப்படிப் படுப்பார்கள், குளிக்க மறைவில்லாத வீட்டில் ஒரு பெண் என்ன பாடுபடுவாள் என்பதை அதில் வளர்ந்த பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த அனுபவமும் இந்தப் படிப்பும் ஒரே தலையில் சேர வேண்டும் என்பதுதான் நமது ஆசை.

செய்ய வேண்டியது

கைதட்டிவிட்டுக் கலைந்து போவதில் பிரயோஜனமில்லை. இவ்வூர் இளைஞர்களை மூன்று காரியம் கேட்டுக் கொள்ளுகிறோம். முதலாவது, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிகிற சமயத்தில் வீடு வீடாகப் போய், எந்தப் பிரிவு எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். இரண்டாவது, நாட்டா, ஜே.இ.இ., கலந்தாய்வு ஆகியவைகளின் தேதி வந்தவுடன் படிப்பகத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். மூன்றாவது, வாரம் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக் கையால் வரையப் பழக்குங்கள். அதற்கு வாத்தியார் தேடி அலைய வேண்டாம். ஒரு பென்சிலும் தாளும் கொடுத்து, இந்தக் கடைத்தெருவை, பஸ் நிறுத்தத்தை, தங்கள் வீட்டு அடுப்பங்கரையைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். கையும் கண்ணும் பழகினால் போதும். மற்றதைப் பிறகு கற்றுக் கொள்ளலாம்.

அன்று கேள்வி கேட்ட பெண் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறாளா என்பது நமக்குத் தெரியாது. இருந்தால், அம்மா, உனக்குப் பதில் இதுதான்: அவர்கள் படித்தது பி.ஆர்க்.; ஐந்து ஆண்டு; கணக்கை விடாதே. இல்லாவிட்டால், அவளுடைய தகப்பனாரோ தாயாரோ இதைக் கொண்டுபோய்ச் சொல்லட்டும். "உனக்கு எதுக்கு?" என்று கேட்ட அந்தப் பெரியவர் இருந்தால், அவரும் போய்ச் சொல்லலாம். அவர் பேரில் நமக்கு வருத்தமில்லை. அவருக்கு யாரோ சிறு வயதில் சொன்ன வார்த்தையைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். அந்த வார்த்தை அவரோடு நின்றுவிட்டால் நமக்குப் போதும் என்று கூறி இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.